போர் தண்ணியில் ஷேவிங் நுரை ஏன் நிற்பதில்லை?

சோப்பும் அதேதான், பிரஷும் அதேதான். நல்ல தண்ணியில் குழைத்தால் வெண்ணெய்போல் திரளும் நுரை, போர் தண்ணியில் ஒரு கன்னம் மழிப்பதற்குள் அடங்கிவிடுகிறது. மதுரைப் பக்கம் பலர் இதற்காக சோப்பை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் வாளியில் இருக்கிறது.

வைகை அணையிலிருந்து வரும் குடிநீரைவிட, பாறை இடுக்குகளில் ஊறிக் கிடந்த போர் தண்ணியில் பொதுவாகக் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். குழாய் வாயில் படியும் வெள்ளைப் பொருக்கே சாட்சி. இவை சோப்போடு சேர்ந்தால் கரையாத திப்பி உண்டாகும். வேறு நீர் கிடைக்காத இடத்தில், லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட இவற்றின் அளவை) குடிநீருக்கான இந்தியத் தரம் ஏற்கிறது. அப்படிப்பட்ட ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 4 கிராம் சோப்பை வீணாக்கும். ஷேவிங் நுரையில் சேர்வதோ 15 மில்லிதான், கணக்குப்படி 0.06 கிராம் சோப்புதான் போகிறது. பிறகு ஏன் நுரை இவ்வளவு சீக்கிரம் படுக்கிறது? அந்தத் திப்பித் துகள்களே குமிழிச் சுவரை உடைப்பவை. இழப்பு சிறிதானாலும் கெடுதல் பெரிது.

குளியல் சோப்பு இதற்குச் சரிப்படாது. அது காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்வது. ஷேவிங் சோப்பில் காஸ்டிக் பொட்டாஷும் சேர்ப்பதால் சோப்பு இளகி, நீரைச் சட்டென்று ஏற்கும். தேங்காயெண்ணெயின் லாரிக் அமிலம் உடனே பெரிய குமிழிகளைத் தரும், ஆனால் அவை நிற்காது. 18 கார்பன் நீளமுள்ள ஸ்டியரிக் அமிலம்தான் பொடிக் குமிழிகளாக, கெட்டியாக நிற்கவைக்கிறது.

முதலில் முகத்தை வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள்; நீர் குடித்த தாடிமுடி இளகி, பிளேடுக்கு எளிதில் வெட்டுப்படும். பன்றிமயிர் பிரஷும் அதே நேரம் ஊறட்டும். நைலான் பிரஷை நனைத்தாலே போதும். சோப்பின் மேல் அரை டீஸ்பூன் நீர் விட்டு ஒரு நிமிடம் வையுங்கள். பிரஷை லேசாகப் பிழிந்து இரண்டு முறை உதறி, சோப்பின் மேல் 30 நொடி சுழற்றுங்கள். முதலில் வரும் பெருங்குமிழிகளைப் பார்த்து ஏமாந்து நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். அவை மறைந்து மயிர் நுனியில் பசைபோல் ஒட்டிய பிறகே சோப்பு போதுமான அளவு ஏறியிருக்கும்.

இனி எவர்சில்வர் கிண்ணத்திலோ நேராகக் கன்னத்திலோ குழைக்கலாம். நீரை ஊற்றாதீர்கள். விரல் நுனிகளை நனைத்து நாலைந்து சொட்டு, பத்துப் பதினைந்து சுற்று, மறுபடி சொட்டு. மங்கலாக இருந்த பசை சில சுற்றுகளில் பளபளக்கத் தொடங்கும். பிரஷைத் தூக்கினால் எழும் கூம்பின் நுனி மெல்ல வளைய வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்க வேண்டும். கெட்டியாக இருந்தும் வழுக்காத நுரையால் பயனில்லை. கன்னத்தில் காய்ந்து வெள்ளைச் செதிலானால் நீர் போதவில்லை, சொட்டுச் சேர்த்தால் சரியாகும். கண்ணுக்குத் தெரியும் குமிழிகளோடு வழிந்தால் நீர் மிஞ்சிவிட்டது; பிரஷை மறுபடி சோப்பில் பத்து நொடி சுழற்றுங்கள். பிரஷை அழுத்தி விரிக்க வேண்டாம், அடிமயிர் ஒடியும்.

போர் தண்ணிதான் கதி என்றால் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்த மேல்நீரை எடுங்கள். பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை அடியில் படிந்துவிடும்; குளோரைடு, சல்பேட்டால் வந்தது போகாது. அதைவிடச் சுலபம், குடிக்கப் பிடித்து வைத்த தண்ணியில் ஒரு டம்ளர். எலுமிச்சை பிழிவது வேண்டாம்: புளிப்பு கூடினால் சோப்பே கொழுப்பமிலமாகத் திரிந்துவிடும். ஆனால் பிரஷில் படிந்த திப்பியைக் கரைக்க, மாதம் ஒருமுறை நீர்த்த எலுமிச்சைச் சாறு நல்லது. பிறகு நன்றாக அலசிவிட வேண்டும்.

படிகாரம் கழுவிய தண்ணியிலும் பிரஷை முக்காதீர்கள். அதிலுள்ள அலுமினியமும் சோப்பைத் திப்பியாக்கும். பிரஷைத் தனியாக நல்ல தண்ணியில் அலசி, உதறி, காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் போதும்.