பந்து விளையாடப் போகும் பிள்ளைக்கு ரயில் சீசன்: அரைக் கட்டணம் யாருக்கு, எந்தத் தாள் வேண்டும்?

2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தைத் தூக்கியது கோவை நேரு ஸ்டேடியத்தில்தான். அந்த ஆண்டு அந்த அணிக்குச் சொந்த மைதானமே அதுதான். கொங்கு நாட்டில் கால்பந்துப் பேச்சு எடுத்தால் இன்னும் அந்த நாளைச் சொல்பவர்கள் உண்டு. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்ப ஆசைப்படும் பெற்றோரும் நிறையப் பேர். ஆனால் மேட்டுப்பாளையத்திலோ பொள்ளாச்சியிலோ ஊத்துக்குளியிலோ இருக்கும் குடும்பத்துக்கு முதலில் வந்து நிற்பது போக்குவரத்துச் செலவு. அதைக் குறைக்க அரசு வைத்திருக்கும் சலுகைகள் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரிகின்றன. அதனால் கவுண்டர் வரை போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

குழப்பத்துக்கு ஒரே காரணம்தான். பிள்ளைகளுக்கான சலுகை இரண்டு வகை. ஒன்று வயதை வைத்துத் தருவது. இன்னொன்று படிப்பை வைத்துத் தருவது. முதலாவதற்குப் பிறந்த தேதிச் சான்று வேண்டும். இரண்டாவதற்குப் பள்ளியோ கல்லூரியோ தரும் சான்று வேண்டும். ஒன்றுக்கான தாளை எடுத்துக்கொண்டு மற்றதைக் கேட்டால் கிடைக்காது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

முதலில் வயதுச் சலுகை. ரயிலில் 5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம், தனி இருக்கையோ படுக்கையோ கேட்காதவரை. 5 வயது நிரம்பி 12 நிரம்பாத பிள்ளைக்கு, முன்பதிவில்லாத பெட்டியில் பாதிக் கட்டணம். முன்பதிவுப் பெட்டியில் தனியாக ஒரு படுக்கை வேண்டும் என்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். 2016 ஏப்ரல் 21 முதல் இதுதான் நடைமுறை. அதற்கு முன் பாதிக் கட்டணத்திலேயே படுக்கையும் கிடைத்தது. அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் இன்றும் "சின்னப் பையன்தானுங்களே, அரை டிக்கெட் போடுங்க" என்று வாதாடுவதைப் பார்க்கலாம். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை, விதிதான் மாறிவிட்டது.

தினமும் அல்லது வாரத்தில் பல நாள் போய்வரும் பிள்ளைக்கு மாதச் சீசன் டிக்கெட், அதாவது இரண்டு நிலையங்களுக்கு இடையே மாதம் முழுக்கப் போய்வரும் பாஸ், எடுப்பதுதான் லாபம். 12 வயது நிரம்பாத பிள்ளைக்குச் சீசனும் பாதி விலைதான். இது வயதை மட்டும் பார்த்துத் தருவது. எதற்காகப் போகிறாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. பயிற்சிக்கோ ஆட்டம் பார்க்கவோ அத்தை வீட்டுக்கோ போகலாம். பந்து விளையாடப் போகும் சின்னப் பிள்ளைக்கு இதுதான் சரியான டிக்கெட் என்று நான் அழுத்திச் சொல்வதும் அதனால்தான்.

எடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சீசனின் விலை, ஒரு வழிப் பயணக் கட்டணத்தைப் போலக் கிட்டத்தட்ட 15 மடங்கு. வாரம் மூன்று நாள் பயிற்சி என்றால் மாதம் 12 நாள், போக வர 24 பயணம். தாராளமாக எடுக்கலாம். சனி, ஞாயிறு மட்டும் என்றால் 16 பயணம். லாபம் மிகக் குறைவு, நடுவில் ஒரு வாரம் காய்ச்சலோ கோயில் நோம்பியோ வந்துவிட்டால் நட்டம்தான். அப்படிப்பட்டவர்கள் அன்றன்றைக்கு அரை டிக்கெட் எடுப்பதே நல்லது. ஆண்டு முழுக்கப் போகிற பிள்ளை என்றால் மூன்று மாதச் சீசன் இருக்கிறது. அதன் விலை மாதச் சீசனைப் போல 2.7 மடங்கு. பரீட்சை மாதங்கள் நடுவில் வராதபடி பார்த்து எடுங்கள்.

தூரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பொது விதிப்படி 150 கிலோமீட்டர் வரைதான் சீசன் தருவார்கள். மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, திருப்பூர் எல்லாம் கோவைக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டியோ அதற்குள்ளோ வந்துவிடும். ஈரோடு நூறை ஒட்டி. பிரச்சினை சேலத்துக்கும் கரூருக்கும்தான். இரண்டுமே ஈரோடு வழியாகக் கோவைக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். அதனால் சேலம் - கோவை, கரூர் - கோவை என்று நேர்ச் சீசன் கேட்டால் கவுண்டரில் இல்லை என்றுதான் சொல்வார்கள். சேலத்தில் இருந்து திருப்பூர் வரைக்கும் கேட்டால் கிடைக்கும். அவ்வளவு தூரம் ஒரு பிள்ளையைத் தினமும் அனுப்புவது சரியா என்பது வேறு பேச்சு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

சீசன் வைத்திருப்பவர் முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. வந்தே பாரத் போன்ற முழுக்க முன்பதிவு ரயில்களில் அது செல்லவே செல்லாது. சூப்பர்பாஸ்ட் ரயிலின் பொதுப்பெட்டியில் போவதென்றால் அதற்கான கூடுதல் கட்டணம் தனி. பாசஞ்சர், மெமு ரயில்களில் இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை. இருகூர், சோமனூர், வஞ்சிபாளையம் மாதிரிச் சின்ன நிலையங்களில் நிற்பதும் பெரும்பாலும் அவைதான். சீசனோடு புகைப்பட அடையாள அட்டை ஒன்றும் இருக்க வேண்டும், அந்த அட்டையின் எண் சீசனில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அண்ணன் சீசனில் தம்பி போக முடியாது. தொலைத்தால் பணம் திரும்பாது. அதனால் பந்துப் பையில் ஷூவோடு சேர்த்துப் போட்டு அனுப்பாதீர்கள்.

இனி படிப்புச் சலுகை. பெருமளவில் வீணாகிப் போவது இதுதான். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ரயிலில் போய்வரும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இலவசம். ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை. ஊத்துக்குளியில் இருந்து திருப்பூர் போய்ப் படிக்கும் பெண் பிள்ளை கல்லூரி முடிக்கும் வரை சீசனுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. இந்த இலவசத்துக்குள் வராத மாணவர்களுக்கு, உதாரணமாகக் கல்லூரியில் படிக்கும் பையன்களுக்கு, 25 வயது வரை சீசன் பாதி விலை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் முக்கால் பங்கு குறையும், அதற்குச் சாதிச் சான்றிதழும் வேண்டும்.

ஆனால் ஒன்று. இது வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் இருந்து பள்ளிக்குப் பக்கத்து நிலையம் வரைக்கும்தான். பயிற்சி மைதானம் அந்த வழியில் இருந்தால் நல்லதாகப் போயிற்று. பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்து கோவைக்குப் படிக்க வரும் பையன், பள்ளி விட்டதும் நேரு ஸ்டேடியம் போய் ஆடிவிட்டு இரவு அதே பாதையில் வீடு திரும்பலாம். அதே பையன் பயிற்சிக்காகத் திருப்பூர் போகிறான் என்றால் இந்தச் சீசன் உதவாது. 12 நிரம்பாதவனாக இருந்தால் அரைச் சீசன், நிரம்பியவனாக இருந்தால் முழு விலை. அரசு இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டலாம் என்பது என் கருத்து. பதிமூன்று, பதினான்கு வயதில்தான் பிள்ளைகள் உண்மையாக ஆட்டத்தில் இறங்குகிறார்கள். சரியாக அந்த வயதில்தான் கட்டணம் இரட்டிப்பாகிறது.

மாணவர் சலுகைக்கான சான்று ஏதோ ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தருவது அல்ல. அதற்கென ரயில்வே தரும் படிவங்களை அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் வாங்கி வைத்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் அல்லது முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். உங்கள் பள்ளியில் படிவம் இல்லை என்றால், பக்கத்து ரயில் நிலையத்தில் கேட்டு வாங்கும்படி அலுவலகத்தில் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். சாதாரணச் சீசனை ரயில்வேயின் ரயில்ஒன் ஆப்பிலேயே எடுக்கலாம். மாணவர் சலுகைச் சீசன் என்றால் படிவத்தோடு கவுண்டருக்குத்தான் போக வேண்டும்.

விளையாட்டு வீரர்களுக்கு ரயிலில் தனிச் சலுகை இருக்கிறதே என்று கேட்பார்கள். மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு அது இருந்தது. கொரோனா தொடங்கியபோது, 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்ட சலுகைகளில் அதுவும் ஒன்று. மாணவர், மாற்றுத்திறனாளிகளில் சில பிரிவினர், குறிப்பிட்ட நோயாளிகள் ஆகியோருக்கானவை மட்டும் அப்போது தொடர்ந்தன. ஆகவே வீரர் சலுகையை நம்பிச் செலவுக் கணக்குப் போட வேண்டாம்.

பஸ் பற்றிச் சுருக்கமாக. அரசுப் பேருந்தில் 5 வயது வரை கட்டணமில்லை, 2022 மே மாத அறிவிப்பு அது. முன்பு 3 வயது வரைதான். அதற்கு மேல் 12 வயது வரை அரை டிக்கெட். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் வசதி. 2021 மே 8 முதல் நடக்கும் விடியல் பயணத் திட்டத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எந்த வயதுப் பெண்ணும் இலவசமாகப் போகலாம், அட்டையோ சான்றோ எதுவும் காட்ட வேண்டாம். கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் உக்கடத்தில் இருந்து பொள்ளாச்சி போகும் மப்சல் பஸ்ஸுக்கு, அதாவது வெளியூர் பஸ்ஸுக்கு, இது பொருந்தாது. நம் பக்கம் நிறைய ஓடும் தனியார் பஸ்களுக்கும் பொருந்தாது. அவசரத்தில் ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் சண்டை போட வேண்டாம். பள்ளி மாணவர்களின் இலவசப் பஸ் பாஸும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான வழிக்கு மட்டும்தான்.

சரி, வயதை எப்படி நிரூபிப்பது? ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பத்து, பதினொன்றில் கொஞ்சம் உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளைக்குத்தான் சோதனை வரும். "கண்ணு, என்ன படிக்கிறே?" என்று பரிசோதகர் கேட்க, பிள்ளை ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, அங்கேதான் சிக்கல். வளர்ந்த பிள்ளை என்றால் பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றைச் சீசனோடு வைத்து அனுப்புங்கள்.

பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும், நாம் குடியிருக்கும் ஊரில் அல்ல. தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். தாராபுரத்தில் வாழும் குடும்பத்தின் மூத்த பிள்ளைக்குப் பதிவு கோபியிலோ கோவை மாநகராட்சியிலோ இருக்கும். தாராபுரத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இப்போது மாநில அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்திலேயே தேடிச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் குழந்தையின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்துவிடுவதால் பல சான்றிதழ்களில் பெயர் இடம் காலியாகவே கிடக்கிறது. பெயரில்லாத சான்றிதழ் எந்தக் கவுண்டரிலும் பயன்படாது. 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிறப்பே பதிவாகாமல் ஓராண்டு தாண்டியிருந்தால் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் ஆணை பெற வேண்டும்.

பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் தேதியைக் கொஞ்சம் முன்னே தள்ளி எழுதிய குடும்பங்கள் ஏராளம். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி, ஆதாரில் இன்னொன்று. ரயிலில் இது ஒரு நாள் சங்கடத்தோடு போய்விடும். வயது வாரியாக அணி பிரிக்கும் கால்பந்துப் போட்டியில் பிள்ளை வெளியே நிறுத்தப்படலாம், அந்தக் கண்ணீருக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும், நிதானமாகச் செய்யுங்கள். பள்ளிப் பதிவுத் திருத்தத்தைப் பத்தாம் வகுப்புப் பட்டியல் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஆதார் அட்டை அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்று அதை வழங்கும் ஆணையமே சொல்லிவிட்டது. 5 வயதில் கைரேகையும் கண் பதிவும் புதுப்பிக்க வேண்டும், 15 வயதில் இன்னொரு முறை. முதல் புதுப்பிப்பை 7 வயதுக்குள் முடித்தால் கட்டணமில்லை. விட்டுவிட்டால் எண் முடக்கப்படவும் கூடும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை போன்றவற்றில் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஒரே சான்று. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் 21 நாளுக்குள் பதிவானதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

12 வயது நிரம்பிய பிறகும் அரைச் சீசனில் போய் மாட்டினால் டிக்கெட் இல்லாப் பயணத்துக்கான அபராதம் வரலாம். கட்டணம் தனி, அபராதம் மட்டும் குறைந்தது 250 ரூபாய். பிள்ளையின் பிறந்தநாள் எந்த மாதம் என்று பார்த்து, அதற்கு முந்தைய மாதத்திலேயே அடுத்த சீசனை எந்தக் கணக்கில் எடுப்பது, பள்ளிப் படிவம் வாங்க முடியுமா என்று விசாரித்து வையுங்கள்.