ஒளியிடம் பெருக்கல் கணக்கைக் கொடுத்தால்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலோ கத்ர் போர்னிலோ ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் சுவரோரம் ஒரு சின்னப் பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கும். அதற்குள் நுழையும் கண்ணாடி இழை தலைமுடி அளவுதான். அந்த ஒரே இழையில் 1490 நானோமீட்டர் ஒளி வீட்டுக்குள் வருகிறது, 1310 நானோமீட்டர் ஒளி வெளியே போகிறது. இரண்டும் எதிரெதிராக, ஒரே நேரத்தில். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. முட்டிக்கொள்வதும் இல்லை, ஒன்றையொன்று கெடுப்பதும் இல்லை.

செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான நரம்பணு வலைக் கணக்குகளை மின்சுற்றுக்குப் பதில் ஒளியில் போடலாம் என்ற எண்ணத்துக்கு ஆதாரமே இந்த முட்டிக்கொள்ளாத குணம்தான். அதன் மிகப் பெரிய தலைவலியும் அதே குணம்தான்.

முகத்தை அடையாளம் காண்பதோ, தமிழை கிரியோலுக்கு மொழிபெயர்ப்பதோ, நரம்பணு வலைக்குள் நடப்பதில் பெரும்பகுதி ஒரே வேலை: எண்களின் வரிசையை எடைகளின் (எந்த எண்ணுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் எண்களின்) அட்டவணையால் பெருக்கிக் கூட்டுவது. மின்சில்லில் பெருக்குவது மலிவு, எண்ணை நகர்த்துவதுதான் விலை. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் வெளியிட்ட, 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கான கணக்கில் ஒரு 32 பிட் தசமப் பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல் செலவு. அந்த எண்ணை வெளி நினைவகத்திலிருந்து கொண்டுவர 640 பிக்கோஜூல். சமையலைவிடக் காய்கறி ஏற்றிவந்த வண்டிக்கூலி நூற்றெழுபது மடங்கு.

ஒளி எப்படிப் பெருக்கும்? சிலிக்கான் சில்லின் மேல் 220 நானோமீட்டர் உயரமும் சுமார் 500 நானோமீட்டர் அகலமும் உள்ள வரப்புகள் செதுக்கப்படுகின்றன. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 3.5, சுற்றியுள்ள கண்ணாடிக்கு 1.44. அதனால் ஒளி வரப்பை விட்டு வெளியேறாமல் அதன் வழியே ஓடும். இந்த அலைவழியை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையை மட்டும் சற்றே சூடாக்கி, மீண்டும் சேர்த்தால் அதுதான் மாக்-ஸெண்டர் குறுக்கீட்டுமானி. சூடான கிளையில் ஒளி கொஞ்சம் பின்தங்கும். சேரும் இடத்தில் முகடும் முகடும் சந்தித்தால் முழு ஒளியும் ஒரு வாசலில் வரும். முகடும் பள்ளமும் சந்தித்தால் அந்த வாசல் இருண்டு, ஒளி அடுத்த வாசலுக்குப் போய்விடும். கடலில் ஒரு திட்டின் இரு பக்கமும் சுற்றிவரும் அலைகள் பின்புறம் கலக்கும்போது ஓரிடம் எழும்பும், ஓரிடம் அடங்கும். அதே சங்கதி.

ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 0.8-ஐ 0.25-ஆல் பெருக்க வேண்டும். 0.8 மில்லிவாட் ஒளியை உள்ளே விடுகிறோம். வாசலில் வரும் பங்கு, கிளைகளுக்கிடையேயான கட்ட வித்தியாசத்தில் (ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு பின்தங்கியது என்ற கோணத்தில்) பாதிக் கோணத்தின் கொசைன் வர்க்கம். வித்தியாசம் 120 பாகை என்றால் பாதி 60, கொசைன் 0.5, வர்க்கம் 0.25. ஆக 0.2 மில்லிவாட் வெளிவரும். விடை அதுதான். மீதி 0.6 பக்கத்து வாசலில். இந்த 120 பாகைக்கு எவ்வளவு சூடு? 100 மைக்ரோமீட்டர் நீளச் சூடேற்றி, 1550 நானோமீட்டர் ஒளி என்றால் 180 பாகைக்குச் சுமார் 43 டிகிரி செல்சியஸ் ஏற்ற வேண்டும். நமக்கு 29 டிகிரி போதும்.

பிழையும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கிளை மட்டும் ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் கட்டம் 4.2 பாகை நகரும், 0.25 என்ற எடை 0.219 ஆகிவிடும். எட்டில் ஒரு பங்கு பிழை! இரண்டு கிளையும் சமமாகச் சூடானால் பாதகமில்லை, வித்தியாசம் மாறாது. ஆனால் பக்கத்துச் சூடேற்றியின் வெப்பம் ஒரு கிளையைத் தொட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் கணக்கு கெட்டது.

இன்னொரு வகைச் சில்லில் குறுக்கீட்டுமானிக்குப் பதில் 10 மைக்ரோமீட்டர் அளவு ஆரமுள்ள நுண்வளையங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தனி நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் அதில் எவ்வளவை விடுவது என்று தீர்மானிக்கும் ஒரு வளையம். எடை போட்ட பிறகு எல்லா நிறங்களும் ஒரே ஒளிடயோடில் விழும், மின்னோட்டமாகக் கூட்டல் தானே நடந்துவிடும். ஒளியின் அளவு சுழியத்துக்குக் கீழே போகாது என்பதால், எதிர்ம எடைக்கு இரண்டு டயோடுகளை வைத்து ஒன்றின் மின்னோட்டத்தை மற்றதிலிருந்து கழிக்கிறார்கள். வளையம் இடத்தை மிச்சப்படுத்தும், வெப்பத்தை மட்டும் தாங்காது. அது பிடிக்கும் நிறத்தின் அலைநீளம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.08 நானோமீட்டர் நகர்ந்துவிடும். மேட்டுநில க்யூர்பிப் குளிரில் சரிபார்த்ததை அப்படியே போர்ட் லூயிஸுக்கு இறக்கினால், ஐந்து டிகிரி வித்தியாசத்தில் 0.4 நானோமீட்டர் தள்ளிப்போய், தனக்குரிய நிறத்தையே வளையம் தவறவிடும். அதனால் வெப்பநிலையைக் கட்டிப்பிடித்து வைக்கும் தனிச் சுற்று கட்டாயம்.

குறுக்கீட்டுமானிகளுக்கே திரும்புவோம். எந்த அட்டவணையையும் சுழற்று, நீட்டு, சுழற்று என்று மூன்றாகப் பிரிக்கலாம். 64-க்கு 64 அட்டவணை என்றால் சுழற்சி ஒவ்வொன்றுக்கும் 2016 குறுக்கீட்டுமானி, நடுவில் நீட்ட 64. மொத்தம் 4096, அட்டவணையில் எத்தனை எடையோ அத்தனை. ஒளி ஒருமுறை கடந்தால் 4096 பெருக்கலும் முடிந்தது. சிலிக்கானில் ஒரு சென்டிமீட்டர் ஓட ஒளிக்கு ஏறக்குறைய 130 பிக்கோநொடிதான். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளி சுமார் 128 குறுக்கீட்டுமானிகளை வரிசையாகக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 0.1 டெசிபெல் மட்டும் இழந்தாலும் கடைசியில் மிஞ்சுவது நூற்றில் ஐந்து பங்கு. சூடேற்றி ஒன்றுக்குச் சராசரி 10 மில்லிவாட் என்று வைத்தால், கணக்கே போடாமல் சும்மா இருக்கும்போதும் 41 வாட். சூடேற்றியின் எடையை மாற்றப் பத்து மைக்ரோநொடி அளவு பிடிக்கும், மின்சுற்றின் கண்ணில் அது ஒரு யுகம். ஆகவே எடைகளை ஒருமுறை வைத்துவிட்டு ஆயிரக்கணக்கான உள்ளீடுகளை ஓட்டினால்தான் கட்டுப்படியாகும்.

2017-இல் அமெரிக்காவின் எம்ஐடி குழு 56 குறுக்கீட்டுமானிகள் கொண்ட சில்லில் பேச்சொலியின் நான்கு உயிரெழுத்துகளைப் பிரித்தறிய வைத்தது. சரியான விடை 76.7 விழுக்காடு. அதே வலை சாதாரணக் கணினியில் 91.7. வெப்பக் கசிவு, கட்டத்தைத் துல்லியமாக வைக்க முடியாமை, டயோடின் இரைச்சல் ஆகியவை அந்தப் பதினைந்தைத் தின்றன.

அந்தச் சோதனையில் ஒரு வேலையைக் கணினிதான் செய்தது. நரம்பணு வலையில் ஒவ்வோர் அடுக்குக்கும் பிறகு ஒரு நேரிலா முடிவு தேவை: சிறியதை அமுக்கு, பெரியதை விடு. அதற்கு ஒரு ஒளி இன்னொன்றைத் தடுக்க வேண்டும். ஒளியோ முட்டிக்கொள்ளாது! 2024-இல் அதே நிறுவனம் ஒரு வழி காட்டியது. ஒளியில் சிறு பங்கைக் கிள்ளி ஒளிடயோடில் விட்டு, அந்த மின்னோட்டத்தாலேயே ஒரு வளையத்தை நகர்த்தி, மீதி ஒளியைக் கட்டுப்படுத்தினார்கள். மூன்று அடுக்கும் ஒரே சில்லில், அரை நானோநொடிக்குள், 92 விழுக்காட்டுக்கு மேல் சரியான விடை.

எங்கள் கணிப்பில், இந்தத் துறையின் தலையெழுத்தை எழுதப்போவது மின்சாரமும் ஒளியும் ஒன்று மற்றொன்றாக மாறும் வாசல்கள்தான். எண்ணை மின்னழுத்தமாக்கி ஒளியில் ஏற்றவும், வெளிவந்த ஒளியை மீண்டும் எண்ணாக்கவும் மாற்றிகள் வேண்டும். 4-க்கு 4 அட்டவணையில் 16 பெருக்கலுக்கு 8 மாற்றம், ஒரு மாற்றத்துக்கு இரண்டே பெருக்கல். 64-க்கு 64 என்றால் 128 மாற்றத்துக்கு 4096, அதாவது ஒன்றுக்கு 32. அதனால்தான் சிறிய ஒளிச்சில்லுகள் காட்சிக்கு மட்டுமே உதவுகின்றன. ஆனால் பெரிதாக்கினால் மேலே சொன்ன இழப்பு வந்து நிற்கும்.

கடலடிக் கேபிளில் இந்த வாசல் சிக்கல் இல்லை. 2002 முதல் இயங்கும் சேஃப் கேபிள் தென்னாப்பிரிக்காவிலிருந்து நம் தெற்குக் கரையின் பே து ஜாக்கொத்தே, பிறகு கொச்சி வழியாகப் பினாங்குக்குப் போகிறது. நடுக்கடலில் எர்பியம் பெருக்கிகள் ஒளியை ஒளியாகவே வலுப்படுத்துகின்றன, மாற்றம் கரையில் மட்டும். நரம்பணு வலைச் சில்லிலோ சில மில்லிமீட்டருக்கு ஒரு கரை.

2025-இல் லைட்மேட்டர் நிறுவனம் நேச்சர் இதழில் வெளியிட்ட ஒளிச்செயலி, வழக்கமான வலைகளை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே ஓட்டியது: நொடிக்கு 65.5 டிரில்லியன் செயல்கள். அதற்கான செலவுக் கணக்கில் ஒளி 1.6 வாட், மின்சாரம் 78 வாட்.