வாட்சிங் பிரீஃப்: தமிழில் என்ன சொல்லலாம்?

இங்கிலாந்தில் பழைய காட்டேஜ் ஒன்றின் பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்ட அனுமதி கேட்டால், சில நேரம் அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வரும்: அஸ்திவாரம் தோண்டும்போது தொல்லியலாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இந்தப் பணியின் பெயர்தான் ‘வாட்சிங் பிரீஃப்’.

பெயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. லத்தீனில் ‘பிரெவிஸ்’ என்றால் சுருக்கமானது. அதன் வழிவந்த ‘பிரீஃப்’, ஆங்கிலேயச் சட்டத் துறையில் சொலிசிட்டர் (கட்சிக்காரரிடம் வழக்கை ஏற்கும் வக்கீல்) பாரிஸ்டருக்கு (நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்) எழுதிக் கொடுக்கும் வழக்குக் குறிப்பு. வழக்கில் நேரடித் தரப்பாக இல்லாதவர், தன் நலன் கருதி, நடப்பதைக் கவனிக்க மட்டும் வக்கீலை அமர்த்தினால் அது வாட்சிங் பிரீஃப். தொல்லியலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. தோண்டுபவர் வேறு, தோண்டும் காரணமும் வேறு. தொல்லியலாளர் மண்ணுக்குள் இருப்பவற்றின் சார்பில் அங்கே நிற்கிறார். 1990இல் இங்கிலாந்தில் வந்த ‘பிபிஜி 16’ என்ற திட்டமிடல் வழிகாட்டி, கட்டட அனுமதியில் தொல்லியலுக்கு உறுதியான இடம் கொடுத்தது. செலவு கட்டடம் எழுப்புபவருடையது.

வேலை எப்படி நடக்கும்? விளிம்பில் பல் இல்லாத, மண் அள்ளும் பக்கெட்டைப் பொருத்திய இயந்திரம் மண்ணை மெல்லிய அடுக்குகளாகச் சுரண்டி எடுக்கும். பல் வைத்த பக்கெட் தரையைக் கீறிக் குழப்பிவிடும். பல் இல்லாததோ வழவழப்பான பரப்பை விட்டுச்செல்லும். அந்தப் பரப்பில் வட்டமாக ஒரு கருந்திட்டு தெரிந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். ஒருகாலத்தில் மரத்தூண் நட்ட குழியாக அது இருக்கலாம். மரம் மக்கிப்போனாலும் குழியை நிரப்பிய மண்ணின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். புகையிலை பிடிக்கப் பயன்பட்ட களிமண் குழாய்களின் துண்டுகளும் அடிக்கடி கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலமாக இருந்த அவற்றின் துளை, அடுத்த நூற்றாண்டுக்குள் குறுகிவிட்டது. அதனால் துளையின் அகலத்தை வைத்தே காலத்தை ஓரளவு கணிக்க முடிகிறது. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அறிக்கை உண்டு. அங்கே எதுவும் இல்லை என்பதும் பிற்கால ஆய்வாளருக்குத் தேவையான தகவல்தானே!

சரி, தமிழில்? ‘அகழாய்வு’ தவறு, அது ஆய்வுக்கென்றே தோண்டுவது. ‘மேற்பார்வை’யும் ஒட்டாது, கட்டட வேலையை நடத்துபவர் இவர் இல்லை. எனக்குச் சரியாகப் படுவது ‘தொல்லியல் கண்காணிப்பு’. கேமரா வந்த பிறகு கண்காணிப்பு என்றாலே வேவு பார்ப்பது என்ற நினைப்பு சிலருக்கு வரலாம். ஆனால் சொல் பழையது, கண்ணியமானது. “கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்” என்கிறது திருமந்திரம். தோட்டங்களில் புழங்கிய ‘கங்காணி’யும் இதன் திரிபுதான்.

பிரிட்டனின் தொல்லியலாளர் பட்டய நிறுவனமே 2023இல் வெளியிட்ட தரநிலையில் பழைய பெயரை விட்டு, கண்காணித்தலையும் பதிவுசெய்தலையும் சேர்த்துச் சொல்லும் பெயருக்கு மாறியது. எனவே முறையான ஆவணங்களில் ‘தொல்லியல் கண்காணிப்பும் பதிவும்’ என்று முழுமையாக எழுதலாம். பேச்சில் ‘தொல்லியல் கண்காணிப்பு’ போதும். நீதிமன்றச் செய்தியில் வாட்சிங் பிரீஃப் வந்தால் மட்டும் இதைப் போடாதீர்கள். அங்கே ‘வழக்கைக் கவனிக்க வக்கீல் அமர்த்தப்பட்டார்’ என்று விரித்து எழுதுவதே தெளிவு.