டாப்பல்கேங்கர்: தமிழில் எப்படிச் சொல்வது?

நடிகர் ஒருவரின் சாயலில் ஏதோ ஓர் ஊர் டீக்கடையில் நிற்கும் ஆளைப் படம் பிடித்து, ‘இவருடைய டாப்பல்கேங்கர்’ என்று போடுகிறார்கள். அதில் தவறில்லை. ஜெர்மானியர்களே இன்று அச்சு அசலாக இன்னொருவரைப் போல இருப்பவரை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கோத்திக் கதைகளில், அதாவது பேயும் மர்மமுமாகப் பயமுறுத்தும் மேற்கத்தியக் கதைகளில், இந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது. அங்கே அது இரண்டு பேரைப் பற்றியதல்ல, ஒரே ஆளைப் பற்றியது.

ஜெர்மனில் ‘டொப்பல்’ என்றால் இரட்டை, ‘கெங்கர்’ என்றால் நடப்பவர். ‘கேங்’ என்று காதில் விழுவதால் கும்பலோ என்று தோன்றும். தூரத்து உறவு உண்டுதான். கும்பலைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லும் ‘போதல்’ என்ற பொருளுடைய பழைய வேரிலிருந்து வந்தது. சேர்ந்து போகிறவர்கள் கும்பல் ஆனார்கள். டாப்பல்கேங்கரில் போகிறவர் ஒருவர்தான், ஆனால் இரண்டாகப் போகிறார்.

சொல்லை உருவாக்கியவர் ழான் பால் என்ற புனைபெயரில் எழுதிய ஜெர்மன் எழுத்தாளர். 1796-இல் வெளிவரத் தொடங்கிய ‘சீபன்கேஸ்’ நாவலில், ‘தங்களையே காண்பவர்களுக்கு இப்படிப் பெயர்’ என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டார். இதில் ஒரு வேடிக்கை. அவர் அங்கே எழுதியது நடுவில் ஒரு ‘ட்’ சேர்த்து, ‘டொப்பெல்ட்கெங்கர்’ என்று. ‘ட்’ இல்லாத வடிவமும் அதே நாவலில் வருகிறது, ஆனால் அது ஒரு விருந்தைக் குறிக்கிறது! ஜெர்மனில் ‘காங்’ என்பது நடையையும் குறிக்கும், பந்தியில் ஒரு சுற்றுப் பரிமாறலையும் குறிக்கும். இரண்டு சுற்றுச் சாப்பாட்டுக்கு வைத்த பெயரைத்தான் உலகம் பேய்க்கதைக்கு எடுத்துக்கொண்டது.

அந்த நாவலில் பயமுறுத்த ஒன்றுமில்லை. உருவொத்த இரண்டு நண்பர்கள்; அதில் ஒருவன் கசந்துபோன கல்யாணத்திலிருந்து தப்பிக்கச் செத்ததுபோல் நடிக்கிறான், அவ்வளவுதான். பயம் வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்தது. அயர்லாந்தில் ‘ஃபெட்ச்’, ஸ்காட்லாந்தில் ‘ரெய்த்’ என்று முன்பே ஒரு நம்பிக்கை உண்டு: ஒருவருடைய உருவம் அவரில்லாத இடத்தில் தென்பட்டால் சாவு கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம். ஜெர்மன் சொல் இந்தப் பயத்தோடு ஒட்டிக்கொண்டது.

கோத்திக் கதை பிறந்தது 1764-இல், ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ரான்டோ கோட்டை’யோடு. தொடக்கத்தில் பேய் பாழடைந்த கோட்டையிலும் மடாலயத்திலும்தான் குடியிருந்தது. அடுத்த நூற்றாண்டில் அது வீட்டைக் காலி செய்துவிட்டு ஆளுக்குள் குடிவந்தது. 1815-இல் வெளிவரத் தொடங்கிய ஹோஃப்மனின் ‘சாத்தானின் அமுதம்’, 1824-இல் ஜேம்ஸ் ஹாக் எழுதிய, தன்னைக் கடவுள் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார் என்று நம்பிக் கொலை செய்யும் இளைஞனின் கதை, எல்லாம் இந்தக் குடிபெயர்ச்சியின் படிகள்.

எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய ‘வில்லியம் வில்சன்’ எனக்குப் பிடித்த கதை. பள்ளிக்கூடத்தில் அதே பெயரில், அதே பிறந்த நாளில் இன்னொரு பையன். அவனுக்குக் குரல் எழும்பாது, கிசுகிசுக்க மட்டுமே முடியும். கதைசொல்லி வளர்ந்து சீட்டாட்டத்தில் ஏமாற்றும்போதும் பிறன்மனைவியைத் தேடிப் போகும்போதும் அந்த இன்னொருவன் சரியாக அங்கே வந்து நிற்கிறான். நாம் ‘மனசாட்சி’ என்கிறோமே, அதிலுள்ள சாட்சி மட்டும் தனியாக எழுந்து நடந்து வந்தால் எப்படி இருக்கும்? அப்படி. இங்கே வந்து நிற்பவன் நல்லவன், கதை சொல்பவன்தான் கெட்டவன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல் தேடும்போது வேண்டும்.

அப்புறம் 1886 ஜனவரி. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ஜெக்கில்–ஹைட் கதை. டாக்டர் ஜெக்கில் தானே தயாரித்த ஒரு மருந்தைக் குடித்து ஹைட் என்ற வேறோர் ஆளாக மாறுகிறார். படிக்காதவர்கள்கூட ‘ஜெக்கில் நல்லவர், ஹைட் கெட்டவன்’ என்று சொல்லிவிடுவார்கள். பாதிதான் சரி. ஹைட் முழுக்கக் கெட்டவன், ஆனால் ஜெக்கில் முழுக்க நல்லவர் அல்ல. மருந்து குடிப்பதற்கு முன் எப்படிக் கலவையாக இருந்தாரோ, கடைசிவரை அப்படியே இருக்கிறார். கெட்டது மட்டும் தனியாகப் பிரிந்தது, நல்லது பிரியவே இல்லை. ஹைட் ஜெக்கிலைவிடச் சின்ன உருவம் என்பதற்கும் கதையில் காரணம் உண்டு: அந்தப் பக்கத்துக்கு அதுவரை அவ்வளவாக வேலை கொடுக்கப்படவில்லை.

ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு நாள் காலை, அரைத்தூக்கம், தன் வீட்டுப் படுக்கை. ஜெக்கிலின் பார்வை போர்வைமேல் கிடக்கும் கையில் விழுகிறது. அவருடைய கை பெரியது, வெளுப்பானது, பார்க்க லட்சணமானது. இதுவோ ஒல்லியாக, நரம்பு புடைத்து, முட்டிகள் துருத்தி, கறுத்த ரோமம் அடர்ந்து கிடக்கிறது. இரவு அவர் மருந்தே குடிக்கவில்லை. ஜெக்கிலாகப் படுத்தவர் ஹைட்டாக எழுந்திருக்கிறார்.

இன்னொரு இடத்தில் கையெழுத்து பார்க்கத் தெரிந்த ஒரு குமாஸ்தா, இருவரின் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பல இடங்களில் எழுத்து ஒன்றேதான், சாய்வு மட்டும் வேறு என்கிறார். கை மாறியது, கையெழுத்து மாறவில்லை. என்னைக் கேட்டால் மொத்தக் கதையும் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் வாயில் வருவது ‘இரட்டை வேடம்’. கூடவே ‘உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார்’ என்ற வள்ளலார் வரியும் நினைவுக்கு வரும். ஆனால் வேடம் என்றால் அடியில் ஒரு நிஜ முகம் இருக்க வேண்டும். ஜெக்கில் தன் வாக்குமூலத்தில் இதைத்தான் மறுக்கிறார்: நான் பாசாங்குக்காரன் அல்ல, என் இரண்டு பக்கமும் உண்மையாகவே நான்தான் என்கிறார். ஆகவே இரட்டை வேடம் சினிமாவுக்கும் அரசியல் மேடைக்கும் இருக்கட்டும்.

‘ஆள்மாறாட்டம்’ போலீஸ் வழக்குக்கு உரியது. ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ கிட்டே வருகிறது, ஆனால் அதில் உயிர் அடுத்தவர் உடலுக்குப் போகிறது; இங்கே அடுத்தவரே கிடையாது. ‘பிளவாளுமை’ மருத்துவ வாடை அடிக்கும் சொல். அதோடு ஹைட் செய்ததெல்லாம் ஜெக்கிலுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறதி என்ற சாக்குகூட அவருக்கு இல்லை. ‘இரட்டையர்’ என்றால் பிரசவ வார்டுக்குப் போய்விடுவோம்.

நான் பரிந்துரைப்பது ‘மறுவுரு’. மறு என்றால் இன்னொன்று. மறுபக்கம், மறுகரை, மறுநாள் என்பதுபோல. இன்னொரு உரு என்ற நேர்ப்பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் மறுவுக்குக் களங்கம் என்ற பொருளும் உண்டு. ‘குடிப்பிறந்தார் கண்விளங்கும் குற்றம் விசும்பின் மதிக்கண் மறுப்போல் உயர்ந்து’ என்பது 957-ஆம் குறள். நல்ல குடியில் பிறந்தவரின் குற்றம் நிலாவில் உள்ள கறைபோல எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஜெக்கிலின் பயமே இதுதானே! வசதியான பிறப்பு, ஊரில் மதிப்பு, தலைநிமிர்ந்து நடக்க ஆசை. நிலாவிலிருந்து கறையைப் பெயர்த்தெடுத்து, அதற்குத் தனியாக ஓர் உடம்பு கொடுக்கப் பார்க்கிறார்.

அப்படியானால் வில்சன் கதையில் வரும் நல்லவனுக்கு இது பொருந்துமா? களங்கம் என்ற பொருள் பொருந்தாது. ஆனால் மறு என்பது வினையடியும்கூட: மறுத்தல். ஒவ்வொரு தப்பின் வாசலிலும் வந்து நின்று ‘கூடாது’ என்று கிசுகிசுப்பவன் மறுக்கும் உருதானே. சொல்லை இப்படி வளைக்கலாமா என்று இலக்கணம் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம்; எனக்குச் சம்மதம்தான். ‘இன்னொன்று’, ‘கறை’, ‘மறுப்பு’ என்ற மூன்று பொருளையும் ஒரே சொல்லில் தர ஜெர்மனால்கூட முடியவில்லை.

எழுதும்போது ‘மறு உரு’ என்று பிரிக்க வேண்டாம். சேர்த்தே எழுதலாம்: ‘ஹைட், ஜெக்கிலின் மறுவுரு’. டீக்கடைப் படத்துக்கு மட்டும் இதை இழுக்காதீர்கள். அதற்கு ‘அப்படியே அவரை உரித்து வைத்திருக்கிறார்’ என்று நம் வீடுகளில் சொல்வதே போதும்.