இன்டராப்பரபிலிட்டிக்கு நடுவில் எதற்கு ‘இடை’?

போன வாரம் ஒரு பயிற்சிக் கையேட்டின் தமிழ் வரைவை அனுப்பி, கொஞ்சம் பார்த்துத் தரச் சொன்னார்கள். மின்சார நிறுவனங்களில் ஓடும் மென்பொருள்கள் தமக்குள் தகவல் கொடுத்து வாங்குவதற்கான தரநிலைகள் பற்றியது. திறந்ததுமே ‘மின்பயன்பாட்டு மென்பொருள்களின் இடைச்செயல்பாடு’ என்று தலைப்பு. இன்டராப்பரபிலிட்டிக்கு இந்தச் சொல்லை முன்பும் நாலைந்து இடத்தில் பார்த்திருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை ஒரே பக்கத்தில் ஆறு தடவை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் இன்டெர் என்றால் இடையே, தமக்குள். ஓபஸ் என்றால் வேலை, அதன் வழி வந்தது ஆபரேட். கடைசியில் ‘முடியும்’ என்பதற்கு ஒரு ஒட்டு. அவ்வளவுதான். பொருள்தான் முக்கியம். மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ 1990இல் வெளியிட்ட கணினி அகராதி சொல்வது இது: இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள அமைப்புகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளவும், பரிமாறிய தகவலைப் பயன்படுத்திக்கொள்ளவும் உள்ள திறன். இதில் இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

நானே பட்டது ஒன்று. ஒரு மின்நிறுவனத்தில் வரைபட மென்பொருளிலிருந்து மின்பாய்வுக் கணக்குப் போடும் மென்பொருளுக்கு டிரான்ஸ்பார்மர் பட்டியல் போனது. கோப்பு போய்ச் சேர்ந்தது, ஒரு வரி விடாமல் ஏறியது, பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. ஆனால் அனுப்பிய பக்கம் 250 என்று எழுதியது கேவிஏ கணக்கில், வாங்கிய பக்கம் அதை எம்விஏ, அதாவது ஆயிரம் மடங்கு, என்று எடுத்துக்கொண்டது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் எல்லாம் திரையில் பெரிய துணைமின்நிலையத்து ராட்சதனாக நிற்க, ஊரில் எங்குமே மிகைச்சுமை இல்லை என்று கணக்கு சொன்னது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தோம். பரிமாற்றம் நூற்றுக்கு நூறு, இன்டராப்பரபிலிட்டி பூஜ்யம். அதனால்தான் ‘தரவுப் பரிமாற்றத்தன்மை’ என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை.

முதல் பாதியான பரிமாற்றமே இல்லாமல் போனாலும் ஆபத்துதான். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் 5 கோடிப் பேர் இருட்டில் தவித்தார்களே, அதற்குப் பெரிய காரணங்கள் மரக்கிளைகளும் செயலிழந்த எச்சரிக்கை மென்பொருளும். ஆனால் அதே மதியம் 2:02க்கு ஒஹாயோவில் ஸ்டூவர்ட்–அட்லாண்டா என்ற 345 கேவி உயரழுத்த மின்பாதை துண்டித்துக்கொண்டது, பக்கத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கீட்டு மென்பொருளுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பாதையின் நிலை அதற்கு வந்து சேரும்படி கோக்கப்படவில்லை. கணக்கு ஏன் ஒட்டவில்லை என்று தலையைச் சொறிந்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து அடுத்த மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

சரி, ‘இடை’க்கு வருவோம். தமிழில் இடை என்றால் நடு, இடுப்பு, இடைவெளி. அது ஒட்டி வரும் சொற்களைப் பாருங்கள்: இடையூறு, இடைஞ்சல், இடையீடு, இடைவேளை, இடைத்தரகர். பெரும்பாலும் நடுவில் புகுந்து ஏதோ ஒன்றைத் தடுப்பது, நிறுத்துவது, கமிஷன் அடிப்பது. இடைச்செயல்பாடு என்று படிக்கிறவருக்கு வேலை நடுவில் செய்யும் வேறு ஏதோ வேலை என்றுதான் தோன்றும். உண்மையில் இந்தத் தரநிலைகளே இடைத்தரகரை ஒழிக்க வந்தவை! பத்து மென்பொருளை ஜோடி ஜோடியாகக் கோத்தால் 45 இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மொழிபெயர்ப்பு நிரல், ஒரு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் அதைத் தொடும் ஒன்பதிலும் கை வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே பொதுமொழிக்கு மாறினால் பத்து போதும். இன்டர் வந்தால் இடை போடு என்று எந்தச் சட்டமும் இல்லை. பன்னாட்டு, இணையம், நேர்காணல் என்று நல்ல சொல் செய்தவர்கள் யாரும் அப்படிச் செய்யவில்லை. (இடைமுகத்தை விட்டுவிடலாம். அங்கே நிஜமாகவே நடுவில் ஒரு முகம் இருக்கிறது.)

‘ஒத்தியங்கல்’ என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வேறு துறையில் வைத்துக்கொள்ளட்டும். மின்துறையில் ஜெனரேட்டரைக் கிரிட்டில் சேர்க்கும்போது மின்னழுத்தம், அலைவெண், கட்டம் மூன்றையும் பொருத்திச் சேர்க்கிறோமே, சின்க்ரனைஸ் செய்வது, அதற்கு அந்தச் சொல் வேண்டும்.

என் ஓட்டு இயைந்தியங்கலுக்கு. இயைபுத் தொடை பள்ளியில் படித்திருப்பீர்கள். அடிகள் தத்தம் சொற்களோடுதான் இருக்கும், முடிகிற இடத்தில் மட்டும் ஒன்றி வரும். இந்தத் தரநிலைகளும் அதைத்தான் கேட்கின்றன. 1990களில் அமெரிக்காவின் எப்ரி ஆய்வு நிறுவனத்தில் தொடங்கி, பிறகு பன்னாட்டு மின்துறைத் தரநிலை அமைப்பான ஐஇசியிடம் போன சிஐஎம் (காமன் இன்பர்மேஷன் மாடல்) என்ற பொதுமொழி, மென்பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. கட்டுப்பாட்டு மையத்துக்கு 61970, விநியோகத்துக்கு 61968, சந்தைக்கு 62325 என்று எண்ணிட்ட தரநிலைகளாகப் பிரித்துக்கொண்டு, வெளியே வரும் தகவலில் பிரேக்கர் என்றால் எது, திறன் எந்த அலகில், ஒரே டிரான்ஸ்பார்மரை நாலு மென்பொருள் நாலு பெயரில் கூப்பிட்டாலும் அதற்கு ஒரே அடையாள எண் எது என்பதை மட்டும் கட்டுகிறது. அப்புறம், இது வினையாகவும் நடமாடும்: இயைந்தியங்குகிறது, இயைந்தியங்கவில்லை, இயைந்தியங்காத மீட்டர். இடைச்செயல்பாட்டை வைத்து ஒரு எதிர்மறை வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

கையேட்டில் மிச்சமும் இதே கதை. தரநிலைகளை உருவாக்குவது ‘தரங்களின் மேம்பாடு’ ஆகியிருந்தது, ஏதோ அரிசி தரம் உயர்த்துகிற மாதிரி. தலைப்பில் வந்த மின்பயன்பாடு நீங்களும் நானும் ஃபேன் போட்டுச் செய்வது, நிறுவனம் செய்வதல்ல. சிஐஎம் ‘பொதுத் தகவல் மாதிரி’யாம், மாதிரி வினாத்தாள் போல. இதற்கு எனக்கே திருப்தியான மாற்று அகப்படவில்லை, சிஐஎம் என்றே விட்டேன். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும் அவசரம்தான் எல்லாவற்றிலும் தெரிகிறது.

திருத்தி அனுப்பினேன். இயைந்தியங்கல் நீளமாக இருக்கிறதாம், ‘இயங்குதன்மை’ என்று சுருக்கிக்கொள்ளலாமா என்று பதில் வந்தது. தனியாக ஓடினாலே இயங்குதன்மை வந்துவிடுமே ஐயா, அந்த 250 எம்விஏ கணக்குகூட நன்றாகவே இயங்கியது என்று எழுதியிருக்கிறேன்.