டாக்மா: கட்டளையா, கோட்பாடா?

தீபாவளியன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் அதிரசம் வரும். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். நாங்கள் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள். அம்மா மூடியைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “படைத்ததா?” இல்லை. படைக்கும் முன்பே எங்கள் பங்கைச் சித்தி தனியே எடுத்து வைத்துவிடுவார்.

இதைப் பற்றிச் சபையில் பேச்சு வந்தால், “இது நம் டாக்மா, மீறக் கூடாது” என்பார் ஒருவர். “டாக்மாவைப் பிடித்துக்கொண்டு சொந்தத்தை விடுவதா?” என்பார் இன்னொருவர். சொல் ஒன்றுதான். ஒருவர் வாயில் அது அரண், மற்றவர் வாயில் வசை.

சபை உறுதியாகப் பிடித்திருக்கும் போதனையைக் குறிக்கும் டாக்மா, கிரேக்கச் சொல். ‘தோன்றுதல், கருதுதல்’ என்னும் பொருளுள்ள ‘டொகேயின்’ அதன் வேர். நன்றென்று தோன்றியது, பிறகு தீர்மானமாகி, ஆணையாயிற்று. புதிய ஏற்பாட்டில், லூக்கா 2ஆம் அதிகாரத்தில் ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் பிறப்பித்த ‘கட்டளை’ மூலத்தில் டாக்மாதான். அப்போஸ்தலர் 16:4இல் எருசலேம் மூப்பர்கள் விதித்த ‘சட்டங்கள்’ என்பதும் அதே சொல்லின் பன்மை.

அந்தச் சட்டங்கள் என்ன சொல்லின? யூதரல்லாத புறஜாதியார், யூதச் சடங்கான விருத்தசேதனம் செய்யாமலே சபைக்குள் வரலாம் என்றன. கூடவே, விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்குங்கள் என்றும் சொல்லின. சபையின் முதல் டாக்மா கதவைத் திறந்துவிட்டு, வாசலில் ஒரு வரம்பையும் வைத்தது. ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்ற அவர்களுடைய கடிதத்தில், ‘நலமாகக் கண்டது’ என்பதற்கும் வேர் டொகேயின்தான். உறுதியும் திறந்த மனமும் ஒரே வேரில் நிற்பதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

தமிழில் இதற்கு ஏற்ற சொல் கோட்பாடு. கொள் என்பது கோள் ஆகி, பாடு சேர்ந்து வந்தது. மனமார ஏற்றுக்கொண்டது என்று பொருள். உபதேசம் கற்பிக்கப்படுவது, டாக்ட்ரின் என்பதற்கு அது பொருந்தும். சபை கூடி அறிக்கையிடுவது விசுவாசப் பிரமாணம். இவற்றோடு வழக்கத்தைக் கலக்கவே கூடாது.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. 1857இல் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை, ‘சிலருடைய பலவீனத்தினிமித்தம்’ கறுப்பின விசுவாசிகள் தனியே ஆராதிக்க இடம் கொடுத்தது. சலுகையாக வந்தது வழக்கமாயிற்று. பின்னாளில் வேதத்தைக் காட்டியே நிறப்பிரிவினையைக் கோட்பாடாக்கினார்கள். அதை எதிர்த்துப் பிறந்தது பெல்ஹார் அறிக்கை: 1982இல் வரைவு, 1986இல் ஏற்பு. “எல்லாரையும் சகித்துக்கொள்வோம்” என்று மழுப்பாமல், பிரிவினையைப் போதிக்கும் உபதேசத்தைத் தள்ளுகிறோம் என்று விசுவாச அறிக்கையாகவே அது பேசியது. கதவை மறுபடி திறந்தது உறுதியான ஒரு கோட்பாடுதான்.

‘வெறும் டாக்மா’ என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன். எல்லாவற்றையும் டாக்மா என்கிறவர்களிடம் அதிரச டப்பாவைச் சொல்கிறேன். படைத்ததை உண்பதா என்று கொரிந்தியருக்கு எழுதும்போது, கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிப் புசிக்கலாம் என்கிறார் அப்போஸ்தலர் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் அவனுடைய மனச்சாட்சிக்காகப் புசிக்காதிருங்கள் என்றும் சொல்கிறார். அம்மா பவுலின் இரண்டாம் பாதியைக் கைக்கொள்கிறார். சித்தி, அதைப் படிக்காமலே, அம்மாவின் மனச்சாட்சிக்காக எங்கள் பங்கை முன்பே எடுத்து வைக்கிறார்.