ரெரெநாவ்நாவ்

சிங்கப்பூரில் சீனம் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: துறுதுறுவென்று இருக்கும் யாரைப் பற்றி எழுதச் சொன்னாலும் 'நாட்டி' (குறும்பு), 'லைவ்லி' (கலகலப்பு) இரண்டைத் தாண்ட மாட்டேன் என்கிறார்களே, சொல்வளம் அவ்வளவுதானா?

அப்படியில்லை. சீனத்தில் அந்தத் துள்ளல் பெரும்பாலும் சொல்லில் இல்லை, சொல்லை இரட்டிக்கும் விதத்தில் இருக்கிறது.

ரெநாவ் என்றொரு சொல். ரெ சூடு, நாவ் இரைச்சல், சேர்ந்தால் திருவிழாக் கலகலப்பு. (நாவ் என்பதன் பழைய எழுத்தில், சண்டையைக் குறிக்கும் எழுத்துக்குள் சந்தை உட்கார்ந்திருக்கும்!) ஒவ்வோர் அசையையும் தனித்தனியே இரட்டித்து ரெரெநாவ்நாவ் என்றால், களைகட்டிய கூட்டம் கண்முன் நிற்கிறது. முழுச்சொல்லையும் இரண்டு தடவை சொல்லி ரெநாவ்ரெநாவ் என்றால், 'வாங்க, கொஞ்சம் கலகலப்பா இருப்போம்' என்றாகிவிடும். அதே நான்கு அசைதான், வரிசை மாறியதும் வர்ணனை செயலாகிவிட்டது. மகிழ்ச்சியைச் சொல்லும் காவ்ஷிங்கும் இப்படித்தான்: காவ்காவ்ஷிங்ஷிங் ஒன்று, காவ்ஷிங்காவ்ஷிங் வேறொன்று. நாம் 'ரொம்பத் துறுதுறு' என்போம், ஆனால் காவ்காவ்ஷிங்ஷிங்குக்கு முன்னால் 'ரொம்ப' போட்டால் தப்பு, அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

நம் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும், 'துறு' தனியே நிற்காது. சீனத்தின் பெங்பெங்தியாவ்தியாவ் அப்படியல்ல, பெங் என்றாலும் தியாவ் என்றாலும் குதிப்பதுதான். நாம் ஆடிப்பாடி என்பதை 'ஆடி ஆடிப் பாடிப் பாடி' என்று நீட்டினால் ஏறக்குறைய அந்த வேலை நடக்கும்.

ஆங்கிலம் துள்ளலைக் குட்டிகளிடம் கடன் வாங்குகிறது. பூனைக்குட்டியிலிருந்து கிட்டனிஷ், குதிரைக்குட்டியிலிருந்து கோல்ட்டிஷ். துள்ளிக் குதிப்பதைச் சொல்லும் கேம்பல் என்ற சொல்லின் மூலம், காலைக் குறிக்கும் இத்தாலியச் சொல். 'நாட்டி' மட்டும் வேறு வழியில் வந்தது: முதலில் ஒன்றுமில்லாதவன், அப்புறம் கெட்டவன், அப்புறம்தான் குறும்புக்காரப் பிள்ளை. வளர்ந்தவரைப் பற்றிச் சொன்னால் படுக்கையறை வாடை அடிக்கும், 'எங்கள் மேலாளர் ரொம்ப நாட்டி' என்று எழுதும் மாணவனுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? பிள்ளை முதலில் சீனத்தில் இரட்டித்துச் சொல்லட்டும். அப்புறம் அதற்கு எந்த ஆங்கில வினை பொருந்தும், பவுன்ஸா (துள்ளுவது), ராம்ப்பா (ஓடியாடி விளையாடுவது), ஸ்கேம்பரா (குடுகுடுவென்று ஓடுவது) என்று வகுப்பே சண்டை போடட்டும், ரெரெநாவ்நாவ் என்று.